பெயர் எழுதாத டப்பா

சோபாவைப் பிரிப்பதில் சிரமமே இல்லை.
உர்மோ வேண்டாம் என்றான், நானும் வேண்டாம் என்றேன்,
மூன்றாம் மாடிக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.
புத்தகங்களுக்கு ஒரு மாலை.
வங்கிக்கு ஒரு கையெழுத்து.
ஃப்ரீசரை மறந்தே போனோம்.

இப்போது வேன் கீழே நிற்கிறது.
தார்த்துவில் மார்ச்,
ஆற்றின் பனிப்பாளம் விரிசல் விடத் தொடங்கிய வாரம்.
கையில் ஐஸ் பெட்டியோடு "பாதி பாதி" என்கிறான்
வயலுக்கு வரப்பு போடுகிறவன் மாதிரி.

மேல் தட்டு முழுக்க என் கையெழுத்து.
பீன்ஸ், ஆகஸ்ட் 9.
கொதிநீரில் இரண்டு நிமிடம், ஐஸ் நீரில் இரண்டு நிமிடம்,
துணியில் ஒற்றி, தாம்பாளத்தில் பரப்பி,
தனித்தனியே விறைத்த பிறகுதான் பைக்குள்.
அதனால்தான் இத்தனை மாதம் கழித்தும்
ஒன்றோடொன்று ஒட்டாமல்
கூழாங்கல்லாய்க் கலகலக்கின்றன.
"உனக்குத்தான் இந்தப் பொறுமை" என்பான்.
பாராட்டா என்று கேட்டதில்லை.

எண்ணெயில் உறைந்த சதகுப்பைக் கீரை, பதினான்கு கட்டி:
ஏழு, ஏழு.
துருவிப் பிழிந்த சுக்கினி, தட்டையாக நான்கு பை:
இரண்டு, இரண்டு.
வெண்ணெயில் வதக்கிய மஞ்சள் காளான்
ஒரே ஒரு பை.
அதைப் பறித்த அன்று மழையில் வழி தவறினோமே,
அது யார் பங்கு?
"நீயே வைத்துக்கொள்" என்றோம்
இருவரும் ஒரே நேரத்தில், கொஞ்சம் கோபமாக.

நடுத் தட்டு அவனுடையது.
எழுத மாட்டான். நினைவிருக்கும் என்பான்.
பட்டாணி சூப்பை விளிம்புவரை ஊற்றுவான்.
உறைந்தால் வீங்கும், ஒரு விரல் இடம் விடு என்று
பதினொரு வருடம் சொன்னேன்.
மூடி பிளந்த டப்பாக்கள் நான்கு.
பை சரியாக மூடாத பன்றிக்கறித் துண்டு,
ஓரமெல்லாம் வெளுத்து, காய்ந்து.
நெருப்புதான் சுட வேண்டும் என்றில்லை.

அடித் தட்டில், பனி மூடி,
சாம்பல் நிறத்தில் ஏதோ உறைந்த ஒரு டப்பா.
ஒரு விரல் இடம் விட்டிருந்தது: ஆக, நான் ஊற்றியது.
பெயர் இல்லை: ஆக, அவன் மூடியது.
பார்லிக் கஞ்சி என்றான்.
கிறிஸ்துமஸ் கறிச்சாறு என்றேன்.
முகர்ந்தோம். குளிருக்கு ஏது வாசனை?

பச்சைத் தண்ணீரில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம்.
ஹாரன் இரண்டு முறை.
பிறகு வேன் ஓட்டி வந்த வாம்போலா
நான்கு மாடி ஏறி, மூச்சிரைக்க,
மிச்சமிருந்த மூன்றாவது நாற்காலியில் அமர்ந்து
காபி கேட்டார்.
"ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது,
அது மட்டும் எனக்குத் தெரியும்" என்றார்.
யாரும் பதில் சொல்லவில்லை.

ஒன்றரை மணி நேரம்.
கட்டி ஓரத்தில் நழுவி, ஒரு சுற்றுச் சுற்றி, மிதந்தது.
உர்மோ விரலை விட்டு நக்கினான்.
"உப்பே இல்லை."
அப்போதுதான் உறைத்தது எனக்கு.
வெங்காயமும் இல்லை.
எலும்பு, கேரட், வேறொன்றும் இல்லை.

பொன்டு.

சிறுநீரகம் பழுது, உப்பு கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு
ஞாயிறுதோறும் பெரிய பானையில் காய்ச்சினோமே,
நான் வடிகட்ட, அவன் மூட.
போன இலையுதிர்காலம் அல்ல, அதற்கு முந்தியது.
அவன் காலடியில்தான் படுத்திருந்தது, கடைசியில்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்.
குப்பைக் கூடை வேனுக்குப் போய்விட்டது.
உப்பு ஜாடியும்.
சூடாக்கி மூன்று கோப்பையில் ஊற்றினேன்.
நின்றபடி குடித்தோம்.
வாம்போலா மட்டும் சொன்னார்:
"நல்லாயிருக்கு. கொஞ்சம் சப்பென்று."
உர்மோ சிரித்தான், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் படியிறங்கும்போது
பெட்டிக்குள் பீன்ஸ் கலகலத்தது.
இரண்டாம் மாடிவரை கேட்டது.
நான் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன்.
மூடியை மட்டும் காணோம்.